துகிலற்ற பீடம்

கீழ்வானம் உருக்கிய வெள்ளியென வெளுத்து, ஓட்டுக்கூரைகளின்மேல் பனியீரம் இன்னும் உலராதிருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையொன்றில், பதினான்கு திங்கள் பூட்டிக் கிடந்த கத்தோலிக்க ஆலயமொன்று, நெடுநாட் பட்டினி கிடந்தவன் வாய்போலத் தன் இரட்டைக் கதவுகளை அகலத் திறந்து மக்களை எதிர்நோக்கி நின்றது. கற்றறிந்த அன்பரே, அங்கே உவகை வெள்ளம் கரைபுரண்டிருக்கும் என்று எண்ணுவீர். அவ்வாறன்று. தொற்றுநோய்க்கு அஞ்சி வீட்டினுள் ஒடுங்கியிருந்த மாந்தர், ஒருவரையொருவர் கண்டு முகமலர்வதை விடுத்து, இருமுகின்றவர் யார், தம் இருக்கையைப் பற்றிக்கொண்டவர் யார், தம் வீட்டு இழவுக்கு வாராதொழிந்தவர் யார் என்று துருவும் கண்களோடு, வாய்மூடிய துணிக்குமேலே புருவம் நெரித்தவாறே உட்புகுந்தனர்.

ஆயினும் அன்றைய பெரும்பகை இருக்கையால் விளைந்ததன்று, பீடத்தால் விளைந்தது. பீடம் துகிலின்றி வெறுங்கல்லாய்க் கிடந்தது.

பீடத்துகில்களை வெளுத்துக் கஞ்சியேற்றி, தேய்ப்புப்பெட்டியால் மடிப்பெடுத்து, வாரந்தோறும் கொண்டுவந்து விரிப்பவள் ஒரு பெண். இருபத்திரண்டு ஆண்டுகள் அவள் இப்பணியைச் செய்திருந்தாள். அவள் கணவனோ அவ்வாலயத்தின் மணியை அடித்துவந்தவன். கதவுகள் அடைபட்ட நாளில், ஓரமெங்கும் பின்னல் பூத்த ஒரே பெருந்துகில் வெளுப்புக்காக அவள் வீட்டில் இருந்தது. மூன்றாம் திங்களில் அவள் கணவன் நெஞ்சுவலியால் மாண்டான். அவள் ஓடிச் சென்று பங்குத்தந்தையின் இல்லக் கதவைத் தட்டியபோது, அவர் கீழிறங்காமல் மேன்மாடப் பலகணியில் நின்றபடி, வெளியே வர இசைவில்லை என்று கூறிப் பலகணியை அடைத்தார். கல்லறைத் தோட்டத்தின் திறவுகோலை வைத்திருந்த பங்குப்பேரவைத் தலைவராகிய மரவணிகர், மாண்டவன் நோயால் மாண்டான் என்று தாமே முடிவுகட்டி வாயிலைத் திறக்க மறுத்தார். ஆதலின், தன் வாழ்நாளெல்லாம் பிறர் இறப்புக்கு மணியொலித்தவன், மணியொலியும் மன்றாட்டுமின்றி, ஊர்ப்புறத்துப் பொதுநிலத்தில் புதையுண்டான்.

அத்தகையவள், இப்பொழுது வெறுங்கையோடு ஆலய வாயிலில் வந்து நின்றாள். மரவணிகர் பாய்ந்து வந்தார்.

"பீடத்துணி எங்கம்மா? பூசைக்கு நேரமாச்சு, கைய வீசிக்கிட்டு வந்து நிக்கிற?"

"துணி இல்ல."

"இல்லன்னா? தொலைச்சுட்டியா?"

"எங்க வீட்டுக்காரருக்குப் போத்தி அனுப்பிட்டேன்."

தேன்கூட்டில் கல்லெறிந்தாற்போல் கூட்டம் இரைந்தது. பாடற்குழுவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், "பீடத்துல விரிச்சதப் பொணத்துக்குப் போத்தினாளாமே! இவ உள்ள வந்தா நாங்க வெளிய போறோம்" என்று சீறினார். பலர் அவ்வாறே முழங்கினர். அவளோ, அடிக்கும் காற்றுக்கு அசையாத கற்றூண் போல் நின்று, குரலை உயர்த்தாமலே கூறினாள்:

"சாமி வரல. நீங்க கல்லறைக் கேட்டத் தொறக்கல. கோயில்லருந்து ஒண்ணாவது அவருகூடப் போகட்டும்னு போத்தினேன். ஒளிச்சு வைக்கல. கேட்டீங்க, சொல்லிட்டேன்."

இரைச்சல் கேட்டு, திருப்பலி உடையணிந்தவராய்ப் பங்குத்தந்தை வெளிவந்தார். நிகழ்ந்ததை அறிந்தவர், "அவங்க உள்ள வரட்டும்" என்று மட்டும் மொழிந்தார். கிண்ணத்தின்கீழ் விரிக்கும் சிறுதுகிலைத் தவிர வேறெதுவுமின்றி, வெறுங்கல்லின்மேல் வழிபாடு தொடங்கிற்று. எல்லாரும் தம் தீவினையை ஏற்றுரைக்க வேண்டிய இடம் வந்ததும், தந்தை நூலை மூடினார்.

"மனப்பாடமா ஒப்பிக்கிறது இன்னைக்கு வேணாம். அன்னைக்கு இந்தம்மா வந்து கதவத் தட்டினாங்க. அனுமதி இல்லன்னு சொன்னேன். அனுமதி இருந்துச்சு. ஒரு குருவும் பத்துப் பேரும் அடக்கத்துக்குப் போகலாம்னு தாள் வந்து என் மேசைமேலயே கெடந்துச்சு. எனக்குப் பயம். அதான் வரல."

மரவணிகர் துள்ளியெழுந்தார். "இதெல்லாம் பீடத்துல நின்னு பேசற பேச்சா? எங்க எல்லாரையும் சேத்துல்ல அசிங்கப்படுத்துறீங்க! உங்களுக்கு மேல இருக்கற ஆயர்கிட்டப் போறேன்" என்று கூவி வெளியேற, அவர்பின் ஆறு குடும்பத்தார் இருக்கைகள் கிறீச்சிட எழுந்து போயினர்.

அவளோ அழவில்லை. சட்டமென்னும் சுவரொன்று தன் கணவனுக்கும் ஆலயத்துக்கும் இடையே நின்றதென்று நம்பி, அச்சுவரின்மேல் சாய்ந்தே அத்தனை நாளும் தேறியிருந்தாள். அங்கே சுவரே இருந்ததில்லை, ஒருவர் அச்சமே இருந்தது என்றறிந்த நொடியில், தணிந்திருந்த சினம் நெய்வார்த்த தீயென நிமிர்ந்தது. ஊரார் நன்மை என்றழைக்கும் நற்கருணை அப்பத்தைத் தந்தையின் கையால் வாங்க மற்றவர் வரிசையாய்ச் சென்றபோது, அவள் கடைசி இருக்கையை விட்டு எழவில்லை.

வழிபாடு முடிந்ததும் தந்தை அவளிடம் வந்தார். "என்னை மன்னிச்சிரும்மா."

"அது இருக்கட்டும் சாமி. மொதல்ல அவரு கெடக்கற எடத்துக்கு வாங்க."

"சாயங்காலம் வரட்டுமா?"

"இப்ப வாங்க."

அவர் திருப்பலி உடையைக் களையாமலே நடந்தார். பத்தடி இடைவெளி விட்டு அவள் முன்னே சென்றாள். தெருவில் சில பலகணிகள் அவர்களைக் கண்டதும் ஓசையோடு அடைபட்டன. சீறிய பாடற்குழு அம்மையார் மட்டும் என்ன நினைத்தாரோ, தலைகவிழ்ந்து தொலைவிலே பின்தொடர்ந்தார். பொதுநிலத்தில், புல் மண்டி மேடு தாழ்ந்திருந்த ஓரிடத்தை அவள் காலால் கோடிட்டுக் காட்டினாள். தந்தை மண்டியிட்டு, பதினொரு திங்கள் தாழ்த்த மன்றாட்டைச் சொல்லி முடித்தார். அவள் கைகூப்பவில்லை.

"நீங்க வந்தது அவருக்கு, சாமி. எனக்கு இன்னும் ஆறல."

"எப்ப ஆறும்மா?"

"தெரியாது. பூசைக்கு வாராவாரம் வருவேன். உங்க கையால நன்மை வாங்க மாட்டேன். வாங்கணும்னு தோணுற அன்னைக்கு வாங்குவேன்."

அன்பரே, ஆலயங்களைத் திறக்க அரசு ஆணையிடலாம். அடைபட்ட நெஞ்சத்தைத் திறக்கும் ஆணை எவ்வரசிடமும் இல்லை. மரவணிகர் வேறு பங்கின் ஆலயத்துக்கு மாறிச் சென்றார். புதிய துகிலும் வந்தது; அதை வெளுப்பவர் வேறொருவர். ஞாயிறுதோறும் அவள் தவறாது வந்து கடைசி இருக்கையில் அமர்ந்தாள். நற்கருணை வரிசை முடிந்த பின்னும் தந்தை உடனே திரும்பாமல், அவ்விருக்கையை நோக்கிச் சிறிதுநேரம் நின்றார். ஓராண்டு கழிந்தது. அவளும் எழவில்லை; அவரும் நிற்றலை விடவில்லை.