சிரிக்கக் கூடாத படம்

உருண்டை மறுபடியும் சிரித்துவிட்டான். ஸ்டுடியோக்காரர் கேமராவை முகத்துக்கு நேரே தூக்கியதுதான் தாமதம், புதிதாக முளைத்த பற்கள் அத்தனையும் தெரிய, கன்னம் இரண்டும் மேலேறிக் கண்ணை மறைக்க, ஊரையே கூட்டுகிற சிரிப்பு. வேறு நாளாக இருந்தால் அவனைப் பெற்றவள் பெருமையில் பூரித்துப் போயிருப்பாள். இன்றைக்கு அவளுக்கு அழுகைதான் வந்தது.

"எத்தனையோ பிள்ளைங்களைப் பாத்துட்டேன்மா," என்று ஸ்டுடியோக்காரர் கேமராவை இறக்கினார். "எல்லாம் என்னைக் கண்டதும் வீல்னு கத்தும். அதுங்களைச் சமாதானப்படுத்தவே கிலுகிலுப்பை வாங்கி வச்சிருக்கேன். சிரிப்பை நிறுத்துங்கன்னு வந்தவங்க நீங்க ஒருத்தர்தான்."

காலையில் பாஸ்போர்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மாள் நல்லவள்தான். மூத்த மகள் பெரியவளின் படத்தைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள். அடுத்து உருண்டையின் படத்தை எடுத்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அழகாத்தான் இருக்கான். ஆனா வாய் மூடியிருக்கணும், கண்ணு நேரா பாக்கணும். இதை மெஷினே எடுத்துக்காதும்மா. நாளைக்குக் காலையில வேற படத்தோட வாங்க. அதுக்கு மேல போச்சுன்னா பயணத்துக்கு முன்னாடி பாஸ்போர்ட் கைக்கு வரும்னு என்னால சொல்ல முடியாது."

பயணம் என்றால் சும்மா ஊர் சுற்றிப் பார்க்கிற பயணமா அது? அவள் கணவன் கடல் கடந்து கிரேன் ஓட்டப் போனபோது உருண்டை வயிற்றில் இருந்தான். தான் பெற்ற பிள்ளையை அந்த மனிதன் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. இப்போதுதான் கம்பெனிக்காரர்கள் மனசு இறங்கி, பெரியவளின் பள்ளி விடுமுறையில் குடும்பத்தை வரவழைத்துக்கொள்ள வீடு கொடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை விட்டால் அடுத்த வருஷம்தான். அதற்குள் உருண்டை ஓடத் தொடங்கிவிடுவான். தூக்கு தூக்கு என்று கையை நீட்டுகிற வயது போய்விடும்.

இத்தனைக்கும் குழந்தை மேல் குற்றமில்லை. எல்லாம் அவர்கள் வீட்டுச் சட்டம் செய்த வேலை. போன் முன்னால் யாரும் அழக்கூடாது என்பது அந்தச் சட்டம். கணவன் போன புதிதில் பெரியவள் ஒருநாள் திரையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாள் அவன் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததாகக் கூடத் தங்கியிருந்தவன் சொன்னான். அன்றிலிருந்து போன் அடித்தால் இவள் முகம் கழுவித் தலை வாரிக்கொள்வாள். மருந்துக் கடை வேலையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருந்தாலும், "எங்களுக்கென்ன, ஜோரா இருக்கோம்" என்பாள். அவன் மட்டும் சளைத்தவனா? மூக்கைச் சப்பையாக்குவான், கண்ணை உருட்டுவான், நாக்கால் மூக்கு நுனியைத் தொடப் பார்ப்பான். "அப்பா பாரு, சிரி, சிரி" என்று பச்சைக் குழந்தையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழக்கியதில், இப்போது எதை முகத்துக்கு நேரே நீட்டினாலும் உருண்டை பல்லைக் காட்டிவிடுகிறான். மருந்துக் கடையில் காய்ச்சல் பார்க்கிற கருவியை நீட்டியபோதும் அதே சிரிப்புத்தான்.

முறைத்துப் பார்த்தாள், சிரித்தான். அதட்டினாள், உதடு பிதுங்கி ஒரு பாட்டம் அழுதான். கேமரா மேலே வந்ததும் கண்ணீரோடு மறுபடி சிரித்தான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அப்பாவைக் கூப்பிடும்மா," என்றாள் பெரியவள். "போனைத்தான் இவன் நேரா பாப்பான்."

"அவரைப் பாத்தா இன்னும் சிரிப்பான்டி."

"அப்பாவைச் சேட்டை பண்ண வேணாம்னு சொல்லு."

அவனுக்கு அது சாப்பாட்டு நேரம். இறங்கி ஏறினால் இடைவேளையே முடிந்துவிடும் என்று கிரேன் கூண்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவன். திரையில் முதலில் நாக்குத்தான் வந்தது, பிறகுதான் ஆள். விஷயத்தைச் சொன்னாள்.

"சிரிக்கக் கூடாதா? அது எனக்குத் தெரியாத வேலையாச்சே, மகாராணி!"

"விளையாடாதீங்க. நாளைக்கு நல்ல படம் குடுக்கலைன்னா நாங்க வர முடியாது."

அவன் நாக்கு உள்ளே போனது.

ஸ்டுடியோக்காரர் உருண்டையின் ஸ்டூலைச் சரிசெய்தார். பெரியவள் நாற்காலி மேல் ஏறி, போனைக் கேமராவுக்கு மேலே ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். இவள் பின்னணிக்குத் தொங்கவிட்ட வெள்ளைத் துணிக்கு அடியில் கையை விட்டு உருண்டையின் இடுப்பைப் பிடித்தபடி பக்கத்தில் குந்தினாள். உருண்டை திரையைப் பார்த்தான், வழக்கம்போலச் சிரித்தான். அங்கே அப்பனின் உதடு துடித்தது.

"ஒண்ணும் செய்யாதீங்க," என்றாள் அவள். "சும்மா பாருங்க, போதும்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தான். அவன் முகம் சும்மா இருந்தது. கன்னம் ஒட்டிக் கிடந்தது. நெற்றியில் ஹெல்மெட் பட்டை அழுத்திய தழும்பு, காதோரம் நரை. இதெல்லாம் எப்போது வந்தது? வயிறு முட்டச் சாப்பிடுகிறேன் என்று தினமும் சொன்ன ஆளா இது? அடப்பாவி மனுஷா! தன் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோனது. அவனும் அவளைப் பார்த்தான்.

உருண்டை மூக்குச் சப்பையாகும் என்று காத்திருந்தான். ஆகவில்லை. அவன் சிரிப்பு மெல்ல இறங்கியது, வாய் மூடியது. இதுவரை பார்க்காத யாரோ வந்துவிட்ட மாதிரி, இமைக்காமல் பார்த்தான்.

"வந்துடுச்சு!" என்றார் ஸ்டுடியோக்காரர், தன் பிள்ளை பாசான சந்தோஷத்தில்.

பெரியவள் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து போனை அம்மாவிடம் கொடுத்தாள். "தம்பிக்கு அப்பாவை அடையாளம் தெரியலையாம்மா?"

"இப்பத்தான்டி பாக்குறான்," என்றாள் அவள்.

திரையில் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூக்கைச் சப்பையாக்க விரலைத் தூக்கினான்.

"வேணாங்க. கொஞ்ச நேரம் அப்படியே இருங்க."

விரல் இறங்கியது. உருண்டை அவள் மடிக்குத் தாவி, சிரிக்காமல் குனிந்து, திரையில் தெரிந்த அந்த நெற்றித் தழும்பின் மேல் தன் எச்சில் விரலை வைத்தான்.