சுவரை உடைக்க ஒரு கையெழுத்து

பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜார்க்கண்டில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் காற்றோட்ட அதிகாரி அவள். அவளை ஒரேயொரு கையெழுத்துக்காக டெல்லி தலைமை அலுவலகத்துக்கு இழுத்து வந்திருக்கிறார்கள்.

எதிரே டைரக்டர் சந்திரசேகர். வெளியே புகைமூட்டம் என்று ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்தி, மூலைக்கு ஒரு ஏர் ப்யூரிஃபையரை ஓடவிட்டிருந்தார். தன் மூச்சென்றால் மனிதருக்கு எத்தனை அக்கறை!

"என்னம்மா யோசனை? நம்ம ஊர்ப் பொண்ணாச்சேன்னுதான் நேர்ல கூப்பிட்டேன். ஜல்தி போட்டுக் குடு."

போட்டால், அவள் கட்டி மூடிய சுவரை இடிப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வெட்டி முடித்த பகுதி. அங்கே மிஞ்சிக் கிடக்கும் கரி, காற்றுப் பட்டாலே போதும், யாரும் கொளுத்தாமல் தானாகச் சூடேறிக் கனலத் தொடங்கிவிடும். கனலத் தொடங்கியதால்தான் காற்றை அடைத்துச் சுவர் எழுப்பினாள். விலை உயர்ந்த வெட்டும் இயந்திரம் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது. இவர்களுக்கு அது வேண்டுமாம்.

"கார்பன் மோனாக்சைடு நேத்து இருந்ததுல பாதிதான், பாரு. நெருப்பு செத்துப்போச்சு," என்று கணினித் திரையைத் திருப்பினார்.

கனலிலிருந்து வந்து சுவரோரம் கசியும் விஷவாயு அது. ஒரே ராத்திரியில் எப்படிப் பாதியாகும்? பூங்கோதை சுரங்க மேலாளரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, சுரங்கத்துக்குள் காற்றைத் தள்ளும் ஃபேனின் வேகத்தை ஏற்றினீர்களா என்று இந்தியில் கேட்டாள்.

அவர் இழுத்தார். பிறகு கக்கிவிட்டார். மீட்டிங்குக்குள் அளவு குறைந்தாக வேண்டும் என்று டைரக்டர் சொன்னாராம், அதனால் இவர் காற்றை இரண்டு மடங்காக்கினாராம். ஆட்கள் கடப்பாரையோடு சுவரருகில் தயாராக நிற்கிறார்களாம்.

அடப்பாவிகளா! சாம்பாரில் தண்ணீரைக் கொட்டிவிட்டு உப்பு குறைந்துவிட்டது என்கிறார்கள். அது போதாதென்று, அத்தனை வேகத்தில் தள்ளும் காற்று விரிசல் வழியாக உள்ளே புகுந்து கனலை ஊதிக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் சுவரை உடைத்தால் ஒருவன்கூட மிஞ்ச மாட்டான்.

"சப்கோ பாஹர் நிகாலோ!" எல்லோரையும் வெளியேற்றச் சொல்லிக் கத்தினாள்.

"டைரக்டர் சார் சொல்லணுமே மேடம்," மேலாளர் மென்று விழுங்கினார்.

சந்திரசேகர் கண்ணாடியைத் துடைத்தார். "ஏக் மினிட். மேல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அங்க நிக்கிறது மனுஷங்க சார்!" மேசையில் ஓங்கி அறைந்தாள். பிறகு போனில், "நான் சொல்றேன். பொறுப்பு என்னோடது. எல்லாரும் மேல வந்ததும் ஃபேனைப் பழைய அளவுக்கு இறக்குங்க," என்றாள்.

மேலாளர் சுரங்கத்துக்குள் இருப்பவர்களைக் கூவி அழைப்பது கேட்டது.

"இத்தனை ஆர்ப்பாட்டம் பண்றியே, கடைசில நெருப்பே வரலேன்னா யார் பதில் சொல்றது?"

"நெருப்பு வராம பாத்துக்கத்தான் சார் எனக்கு வேலையே குடுத்திருக்கீங்க."

வெகுநேரம் கழித்து, கடைசி ஆளும் மேலே வந்துவிட்டதாக மேலாளர் சொன்னார். சந்திரசேகர் பெருமூச்சு விட்டார்.

"அச்சா. அப்ப மெஷினை என்னிக்கு எடுக்கலாம்?"

பூங்கோதை எழுந்துகொண்டாள். இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் கை நீண்டுவிடும் போலிருந்தது.