காப்புக்குக் கீழே

குற்றாலத்துச் சாரலில் பாறைமேல் உட்கார்ந்து சங்கரம்மாள் கைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று ஏறிய வெள்ளிக்காப்பு, அதுவரை கழன்றதே இல்லாதது, வழுக்கிக்கொண்டு வந்து மடியில் விழுந்தது. வயசாகிக் கை மெலிந்திருந்தது, எண்ணெயும் சேர்ந்துகொண்டது.

காப்பு இருந்த இடத்தைப் பார்த்தவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கை முழுக்கப் புளியமரத்துப் பட்டையாய் வெடித்துக் கிடக்க, அந்த ஒரு வளையம் மட்டும் கல்யாணப்பெண்ணின் தோலாகவே மினுங்கியது.

வெள்ளியில்தான் ஏதோ மருந்து இருக்கிறது என்று முதலில் நினைத்தாள். அருவியில் குளித்துவிட்டு வந்த புருஷன் பலவேசத்தின் கையை இழுத்துப் புரட்டினாள். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். புறங்கை சுருங்கிக் கறுத்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே வழுவழுவென்று இருந்தது. அவர் ஒருநாளும் வெள்ளி போட்டவரில்லை.

"என்னட்டி, கைரேகையா பாக்குத?"

"உங்க காக்கிச்சட்டைக்குக் கை எதுவரைக்கும்?"

"மணிக்கட்டு வரைக்கும். எதுக்குக் கேக்குத?"

"அப்போ வெள்ளி இல்ல, வெயிலுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் குத்துக்கல்வலசை வயலில் களையெடுக்க இறங்கியவளைப் பார்த்துப் பலவேசம் பதறிப்போனார். சேலைக்கு மேலே அவருடைய காக்கிச்சட்டை, பித்தளைப் பொத்தான்கள் பளபளக்க.

"ஏட்டி, கழத்து! ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இத்தன வருசமா வெயில்ல நின்னது நானு, சட்ட போட்டது நீங்க" என்றாள் சங்கரம்மாள், கடைசிப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு.