சுகம் பெற்றவரின் மனைவி

1

இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை, கேட்டு வாங்கப்பட்டது. மகேசன் தொலைபேசியில் கூப்பிட்டு, உயிர்ப்பு ஞாயிறு மலருக்கு ஒரு கதை வேண்டும், இரண்டு பக்கம், நம்பிக்கை தருவதாக இருக்க வேண்டும், முடிவில் சூரியன் உதித்தால் நல்லது என்றார். சூரியன் உதிக்கிற படம் ஏற்கெனவே கையில் இருக்கிறதாம். கதைதான் இல்லை.

மகேசன் செயலாளர். எதற்கென்றால், தென் பசிபிக் தமிழ் எழுப்புதல் பேரியக்கத்துக்கு. பெயரைக் கேட்டு நீங்கள் எழும்பி நிற்க வேண்டாம். ஆக்லாந்தின் ஒடாஹுஹுவில் வாடகை மண்டபம் ஒன்றில் ஞாயிறு காலை கூடுகிற ஐம்பது பேர். ஒரு மணிக்கு அங்கே நடன வகுப்பு என்பதால் ஆசீர்வாதம் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். தென் பசிபிக்கின் மிச்சப் பகுதிகளுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நான் அந்தச் சபை ஆளில்லை. கோயில் தேர்த் திருவிழா மலருக்கும் எழுதுகிறவன், தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கும் எழுதுகிறவன். கிளென் ஈடனில் இருந்துகொண்டு எல்லாக் கடவுளருக்கும் பக்கம் நிரப்பிக் கொடுக்கிறேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. எழுத்துப்பிழை பார்க்கவும் சம்மதிக்கிற எழுத்தாளரை எந்தச் சமயமும் தள்ளி வைப்பதில்லை.)

"கற்பனை வேண்டாம், உண்மைக் கதையே இருக்குது," என்றார் மகேசன். "சற்குணம் அண்ணையின்ரை. டொக்டர்மார் கைவிட்டு, கர்த்தர் சுகமாக்கின கதை. நீர் போய் அவரின்ரை மனிசி அன்னம் அக்காவோடை கதைச்சு, கொஞ்சம் சோடிச்சு எழுதும்."

2

தொடக்கங்கள்:

ஒடாஹுஹுவில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு—

(வேண்டாம். ஆக்லாந்தில் எழுதப்படும் தமிழ்க் கதைகள் எல்லாம் நனைந்தபடியே தொடங்குகின்றன. நான் போன அன்று நல்ல வெயில்.)

துன்பம் என்பது, ஆதித் தோட்டத்தை இழந்த மானுடம் தன் தோள்களில்—

(இதை எழுதிவிட்டு நானே எழும்பிப் போய்த் தேநீர் போட்டேன். எழுதியவனே இருக்க மாட்டாத வசனத்தில் வாசகரை எப்படி இருத்துவது?)

சற்குணம் இருபது வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது தன் வீட்டு முன்னறையில், கடைசிக் காலப் பராமரிப்புக்கான ஹொஸ்பிஸ்காரர் கொண்டுவந்து பொருத்திய கட்டிலில்—

இது பரவாயில்லை. ஆனால் கட்டில் வரக் கூடாது என்று மகேசன் சொல்லியிருக்கிறார். சுகமானவருக்கு எதற்குக் கட்டில்?

3

சரி, நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

சற்குணத்துக்கு ஈரலில் புற்றுநோய். சபை அவரை நன்றாகவே தாங்கியது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது வெறும் நக்கல். வட்ஸ்அப்பில் குழு தொடங்கினார்கள். நாளுக்கொரு வீடு என்று முறை போட்டுச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் இருந்து ஜெபித்தார்கள், இருந்து வம்பும் கதைத்தார்கள். அன்னத்துக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

பிறகு வெளிநாட்டுப் பிரசங்கியார் ஒருவர் வந்து சற்குணத்தின் தலையில் கை வைத்து ஜெபித்தார். அடுத்த ஸ்கானில் கட்டி சுருங்கியிருந்தது. மருந்து வேலை செய்கிறது, கொஞ்சக் காலத்துக்குத் தாங்கும் என்றார் டொக்டர். சபை 'மருந்து' என்பதையும் 'கொஞ்சக் காலத்துக்கு' என்பதையும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டது. கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு சற்குணம் முன்னால் போய் நின்று சாட்சி சொன்னார். கைதட்டல், கண்ணீர், வீடியோ.

இந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சுகமானேன் என்று ஒருவர் சாட்சி சொல்லிவிட்டால், அந்த நோயின் பெயரை அதற்குப் பிறகு யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் அது சந்தேகம். சந்தேகப்பட்டால் கிடைத்த சுகம் திரும்பிப் போய்விடும். ஆகவே அடுத்த நாளே சாப்பாட்டு முறை நின்றது. 'சற்குணம் அண்ணைக்காக ஜெபிப்போம்' என்ற குழு, 'சற்குணம் அண்ணை வெற்றிச் சாட்சி' என்று பெயர் மாறியது.

தை மாதம் கட்டி திரும்பி வந்தது. ஆட்கள் திரும்பி வரவில்லை.

யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். கடையில் அன்னத்தைக் கண்டால், அண்ணை நல்லாய் மெலிந்து வாலிபன் மாதிரி ஆகிவிட்டாராமே என்று விசாரிப்பார்கள். விசாரித்துவிட்டு வேறு வரிசைக்குப் போய் நிற்பார்கள்.

4

அன்னம் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். ஒருவருமில்லை என்றதும், "வாரும் தம்பி," என்று உள்ளே விட்டார்.

வாசலோரம் கழுவிக் கவிழ்த்த சாப்பாட்டுப் பெட்டிகள் ஓர் அடுக்கு. மூடிகளில் பிளாஸ்ரர் ஒட்டிச் சொந்தக்காரர் பெயர்கள். வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று குழுவில் போட்டாராம். பதிலுக்குக் கைகூப்பும் படங்கள் மட்டும் வந்தனவாம்.*

* நம்முடைய ஆட்கள் நகையை இரவல் கொடுத்தால்கூட மறப்பார்கள், பெட்டியை மறக்க மாட்டார்கள். ஆனால் பெட்டியை எடுக்க வந்தால் கட்டிலைப் பார்க்க வேண்டிவரும்.

சற்குணம் கண்களை மூடியபடி கிடந்தார். யார் வந்திருப்பது என்று கேட்டார். மலருக்கு எழுதுகிற தம்பி என்றார் அன்னம்.

"சுகமான கதையோ, மற்றதோ?"

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சாட்சி சொல்லியாச்சுத் தம்பி. இனிச் சாகிறது மரியாதையில்லை," என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும்வரை அன்னம் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றார். தன் கையைப் பார்த்தபடி நின்றார். நிமிர்ந்து பார்க்க அந்த அறையில் வேறு யாரும் இல்லாமல் இருந்து வந்த பழக்கம் போல.

மலரை வடிவமைக்கிற கௌசிகன் அதற்கு முந்தின கிழமை படம் எடுக்க வந்திருந்தானாம். நல்ல பிள்ளை. கட்டில் படத்தில் விழாமல் இருந்தால் நல்லது அன்ரி என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான். அன்னம் கணவருக்குச் சவரம் செய்து, சேட்டுப் போட்டு, சோபாவில் இருத்தினார். தாங்கிப் பிடிக்காவிட்டால் சாய்ந்துவிடுகிறார். ஆகவே அன்னம் சோபாவுக்குப் பின்னால் குந்தியிருந்து தோளைப் பிடித்துக்கொண்டார். மலரில் இதற்கு எதிர்ப்பக்கத்தில் அந்தப் படம்தான் இருக்கிறது. இடது தோளைப் பாருங்கள்: நான்கு விரல்கள். கௌசிகன் கணினியில் எவ்வளவோ முயன்றும் அவை போகவில்லையாம்.

5

தனக்கு வேண்டியதை அன்னம் சமையலறையில் வைத்துத்தான் சொன்னார், குரலைத் தாழ்த்தி.

சற்குணம் கேட்பது ஒன்றுதான். சாவதற்கு முன் ஒரு தரம் திருவிருந்து எடுக்க வேண்டும். மண்டபத்துக்கு வர முடியாத நோயாளிகளுக்கு அப்பத்தையும் திராட்சைச் சாற்றுப் பாத்திரத்தையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது சபை வழக்கம். போதகர்கூடத் தேவையில்லை, ஞானஸ்நானம் பெற்ற இருவர் சேர்ந்து கொடுக்கலாம். ஆனால் அது நோயாளிகளுக்கு. சற்குணம் நோயாளி அல்லவே.

அன்னம் மகேசனைக் கூப்பிட்டுக் கேட்டாராம். அக்கா, அப்படி வாயால் சொல்லாதேங்கோ என்று மகேசன் கெஞ்சினாராம். தொலைபேசியிலேயே நீளமாக ஜெபித்துவிட்டு, வருகிற ஞாயிறு அண்ணை தானே நடந்து வருவார் என்று ஆமென் போட்டு வைத்துவிட்டாராம்.

"ரெண்டு பேர் வேணும். ஒராள் நான் இருக்கிறன்," என்றார் அன்னம். "இன்னும் ஒராள்தான் தம்பி. அம்பது பேரிலை ஒராள்."

நான் நிற்கட்டுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. கோயிலுக்குப் போகிற பிள்ளை, அது உமக்கும் சரிவராது எங்களுக்கும் சரிவராது என்று சொல்லி, என் தேநீருக்கு இன்னொரு கரண்டி சீனி போட்டார். (எல்லாச் சமயத்துக்கும் எழுதத் தெரிந்தவனால் ஒரு துண்டு அப்பத்தைத் தூக்கிக் கொடுக்க முடியவில்லை.)

கதைக்கு உதவும் என்று நினைத்து ஒரு மட்டமான கேள்வி கேட்டேன்: கடவுள்மேல் கோபம் இல்லையா?

"அவரோடை என்ன கோபம்? இது உடைஞ்ச உலகம் எண்டு அவர் ஒளிக்கேல்லையே. தானும் வந்து இதுக்குள்ளைதானே செத்தவர்." கோப்பையைக் கழுவியபடியே சொன்னார். "என்ரை மனிசன் சாவார் தம்பி. பிறகு ஒரு நாள் எழும்புவார். நான் ரெண்டையும் நம்புறன். இவையள் முதலாவதை வெட்டிப்போட்டு ரெண்டாவதை மட்டும் கொண்டாடுகினம். சாகாத ஆளை எப்பிடி எழுப்புறது?"

இதைத் தாளில் குறித்துக்கொள்ளக் கை நீண்டது. குறிக்கவில்லை. அழத் தொடங்கியிருந்தார், குழாயைத் திறந்து விட்டு, முன்னறைக்குக் கேட்காதபடி.

6

மகேசனைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்த இடம் இது. கதாபாத்திரம் சரியாக அமையவில்லை.

இதுவரை அவரை ஒரு கேலிச் சித்திரமாகத்தான் வைத்திருந்தேன். பிளாட் புஷ்ஷில் மாடி வீடு. மதம் மாறியும் பெயரை மாற்றவில்லை, வீட்டுக் கடன் மோட்கேஜ் அந்தப் பெயரில் இருக்கிறது என்று ஒரு பகிடி. இன்னும் இரண்டு நல்ல பகிடிகள் இருந்தன, வெட்டிவிட்டேன். ஏனென்றால், இந்தக் கதையை நீங்கள் கேட்டபடி எழுத முடியாது என்று சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்ற தன் காருக்குள் ஏற்றி, கண்ணாடிகளை மூடினார்.

அவர் மனைவி கிருசாந்திக்கு மார்பில் கட்டி. மாசியில் கண்டுபிடித்தது. சத்திரசிகிச்சைக்கு இன்னும் தேதி வரவில்லை. சபையில் ஒருவருக்கும் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் அடுத்த ஞாயிறே சுகமாக்கிப் போடுவினம்," என்றார்.

அவர் பகிடி விட்டு நான் கேட்டதில்லை. இதுவும் பகிடி இல்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சற்குணம் அண்ணை போனால் நான் எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது, சொல்லும்?" என்றார்.

ஒடாஹுஹுவில் ஒரு பெண், பிளாட் புஷ்ஷில் ஓர் ஆண். ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே பயம். காரில் போனால் கால்மணி நேரம். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் குழாயையும் கார்க் கண்ணாடியையும் நம்பி—

(இந்த வசனத்தை முடிக்கவில்லை. அழகாக முடிந்துவிடும் போலிருந்தது.)

7

முடிவுகள்.

மகேசனுக்கு வேண்டிய முடிவு: சற்குணம் எழும்பி நடக்கிறார். இதை எழுத எனக்கு ஒரு வரி போதும். ஆனால் அதைச் செய்யக் கூடியவர் ஒருவர் இருக்கிறார் என்று அன்னம் நம்புகிறார். அவர் செய்யாததைக் காகிதத்தில் செய்துவிட்டு நான் நல்ல பெயர் வாங்கக் கூடாது.

எனக்குச் சுலபமாக வந்த முடிவு: சற்குணம் சாகிறார்; அதே நேரம் மண்டபத்தில் வெற்றிப் பாட்டு முழங்குகிறது. ஒரே மூச்சில் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதரை ஒரு குத்தல் வசனத்துக்காகக் கொன்றிருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது. கிழித்தேன்.

பிறகு எழுதியதுதான் எனக்குப் பிடித்த முடிவு. மகேசனும் கிருசாந்தியும் அப்பத்தோடு வருகிறார்கள். கிருசாந்தி செருப்பைக் கழற்றுகிறார், கட்டிலைப் பார்க்கிறார், தயங்குகிறார், வந்து சற்குணத்தின் காலடியில் உட்கார்கிறார். இதை எடுத்துக்கொண்டு போய் அன்னத்துக்கு வாசித்துக் காட்டினேன். சற்குணத்துக்கும் கேட்கட்டும் என்று முன்னறையில் வைத்தே வாசித்தேன்.

முடியும்வரை அன்னம் கணவரின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு, அவர்கள் வந்தார்களா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"வராத ஆக்களை வந்ததெண்டு எழுதினால் அதுவும் ஒரு சாட்சிதானே தம்பி. அப்பிடி ஒண்டாலைதானே நாங்கள் இப்பிடி இருக்கிறம்."

சற்குணம் கண்ணைத் திறக்காமல், வாசித்தது நல்லாய் இருந்தது என்றார். என்னைத் தேற்றுவதற்காக.

அப்படியானால் எதை எழுதட்டும் என்று கேட்டேன்.

"கதவு பூட்டேல்லை எண்டு எழுதும். அது காணும்," என்றார் அன்னம்.

8

ஆகவே முடிவு இல்லை. முழுவதையும் மகேசனுக்கு அனுப்பி, கிருசாந்தி வருகிற பகுதிகளை, அவர் நோய் உட்பட, எடுத்துவிடலாம் என்றும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி: கிருசாந்தி வாசித்துவிட்டார், அது இருக்கட்டும் என்கிறார். தன்னைப் பற்றி எழுதியிருந்ததற்கு மகேசன் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் இதை மலரில் வாசிக்கிறீர்கள் என்றால் அவர் எடுக்கவில்லை. இருவரும் அந்த வீட்டுக்கு இன்னும் போகவில்லை. நாளை தன் வீட்டிலும் இப்படி ஒரு கட்டில் வரலாம் என்று பயப்படுகிறவர் அதை இன்றே போய்ப் பார்ப்பது இலகுவல்ல. அதை நான் குறை சொல்லக் கூடாது; நான் வெளியாள்.

இதை எழுதும்போது சற்குணம் இருக்கிறார். நீங்கள் வாசிக்கும்போது எப்படியோ தெரியாது. கூட்டம் முடிந்து, பிஸ்கட்டும் தேநீருமாக நின்று இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மேசையில் திருவிருந்து அப்பம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். சின்னக் கோப்பைகளில் திராட்சைச் சாறும் இருக்கும்.

அவற்றை எடுத்துக்கொண்டு நடந்தே போகலாம். ரயில் ஸ்டேஷன் பக்கம் திரும்பி, டெய்ரி என்கிற மூலைக்கடையைத் தாண்டினால் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓர் ஒழுங்கை. அதன் கடைசி யூனிட் வீடு. வழி சொல்ல அன்னம் சம்மதித்திருக்கிறார். தட்ட வேண்டாம், தள்ளினால் திறக்கும். நல்லாய் இருக்கிறீர்கள் என்று சொல்லாதீர்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஜெபத்தை அன்னம் தொடங்குவார், நீங்கள் கூட நின்றால் போதும். சற்குணம் போயிருந்தாலும் போங்கள். அந்த வீட்டில் இன்னொருவர் இருக்கிறார்.

சற்குணம் இருந்தால், அப்பத்தை மிகச் சின்னதாகப் பிய்த்துக் கொடுங்கள். விழுங்கக் கஷ்டப்படுகிறார்.