சாயங்காலம் விழுந்த ரிவர்ஸ்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகப் படகுக்கு ரிவர்ஸ் கியர் விழவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த எழுது அட்டையை மெக்கானிக் யேசுதாஸ் அண்ணன் தலையில் போட்டிருப்பேன். அவர் எஞ்சின் குழிக்குள் தலைகீழாக இறங்கியிருந்ததால் தப்பித்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்களுடையது ஃபைபர் படகு செய்யும் ஷெட். பழவேற்காட்டு மீனவர்களுக்கு வருடக்கணக்காகப் படகு செய்கிறோம். பாய்மரமும் வைத்து, உள்ளே டீசல் எஞ்சினும் வைத்த படகு இதுதான் முதல் தடவை. மெட்ராஸிலிருந்து மோகன்ராஜ் என்பவர் ஆசைப்பட்டுச் செய்யச் சொன்னது. ஷெட்டுக்குள்ளேயே ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சின் சூடாகாமலிருக்க டிரம்மிலிருந்து தண்ணீர் கொடுத்து ஓட்டிப் பார்ப்போம். முன் கியர் போட்டால் பின்னால் விசிறி ஜோராகச் சுற்றும். ரிவர்ஸ் போட்டால் சும்மா நிற்கும். ரிவர்ஸ் இல்லாத படகைக் கரையில் நிறுத்த முடியாது. படகுக்குப் பிரேக்கே அதுதான்.

"நேத்து சாயந்தரம் நல்லா விழுந்துச்சு மா. நீயே பாத்து கையெழுத்து போட்ட" என்றார் குழிக்குள்ளிருந்து.

"போட்டேன். காலைல இன்னா ஆச்சு? எலி வந்து கியர தூக்கிக்கினு போச்சா?"

நான் ஷைனி. இங்கே குவாலிட்டி பார்ப்பவள். இதற்கு முன் இதே சிப்காட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் நான்கு வருடம் இருந்தேன். அங்கே ஒரு ஒயர் தொங்கினால் கொலைக்குற்றம். எல்லாவற்றுக்கும் ஓர் இடம், எல்லாம் அதனதன் இடத்தில். ஒழுங்கில்லாத பொருளில் ஒரு சிவப்பு அட்டை கட்டுவார்கள். அதில் என்ன தப்பு, யார் பொறுப்பு என்று எழுதியிருக்கும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தது நான்தான். எங்கள் ஷெட்டில் அதிகம் சிவப்பு அட்டை வாங்கியவர் யேசுதாஸ் அண்ணன். ஸ்பேனரையும் சாப்பாட்டு ஸ்பூனையும் ஒரே டப்பாவில் வைத்திருப்பவருக்கு வேறென்ன கொடுப்பது?

பத்து மணிக்கு முதலாளி பூவராகவன் சார் வந்தார். லீவரை ரிவர்ஸில் தள்ளினார். விசிறி அசையவில்லை.

"யோவ், நாலு மணிக்கு மோகன்ராஜ் சார் வராரு. அதுக்குள்ள ரிவர்ஸ் விழலன்னா திங்கக்கெழமைலேர்ந்து நீ வராத. என்னால முடியல."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். நாற்பத்தெட்டு வயது. இந்த வயதில் எந்தக் கம்பெனி கேட்டில் போய் நின்றாலும் செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிடுவான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் எனக்குப் பாவமாக இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது.

அவர் மறுபடி குழிக்குள் இறங்கினார். லீவரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் கேபிளின் கட்டுகளை வெட்டி விடுவித்து, முனையைக் கழற்றினார். பாக்ஸிலிருக்கும் கைப்பிடியைக் கையாலேயே முன்னும் பின்னும் தள்ளினார். டக், டக். ரிவர்ஸ் விழுந்தது, விசிறி பின்பக்கம் சுற்றியது.

"பாக்ஸ்ல ஒண்ணியும் இல்ல பாரு மா."

"அப்ப கேபிள்ல."

"கேபிள் புதுசு. ரெண்டாவது தபா மாத்திக்கிறேன்."

திரும்ப மாட்டினார். மேலே போய் லீவரைத் தள்ளினார். விழுந்தது! பத்து முறை போட்டுக் காட்டினார், பத்து முறையும் விழுந்தது. எதைச் சரிசெய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சரி செய்தவனுக்குக் காரணம் தெரியாவிட்டால் அது என்ன வேலை?

"இன்னா பேஜாரு புடிச்ச படகுடா இது" என்று முனகிக்கொண்டே இரண்டு மணிக்கு அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

எஞ்சின் குழியை எட்டிப் பார்த்தேன். கேபிள் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கஸ்டமர் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? ஒரு படம் எடுத்தேன். இறங்கி, கேபிளைச் சுவரோடு ஒட்டவைத்து, முனை வரைக்கும் ஆறு இடத்தில் பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டி, டைகளின் மிச்ச வாலை ஒட்ட நறுக்கி, இன்னொரு படம் எடுத்தேன். கோடு போட்டது போல இருந்தது.

மூன்றரைக்கு முதலாளி வந்தார். அண்ணன் தைரியமாக எஞ்சினை ஓட்டி லீவரைத் தள்ளினார்.

விசிறி நின்றுகொண்டிருந்தது.

மறுபடி தள்ளினார். மறுபடியும். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "இப்ப விழுந்துச்சு சார்... சத்தியமா விழுந்துச்சு... இந்தப் பொண்ணக் கேளுங்க..."

"போதும்யா. போ. சட்டைய மாத்திக்கினு கெளம்பு."

ரெண்டு மணிக்கு விழுந்த கியர் மூன்றரைக்கு ஏன் விழவில்லை? இதற்கு நடுவில் இந்தப் படகைத் தொட்டது யார்?

ஃபோனை எடுத்தேன். செவ்வாய் மாலை இரண்டு படங்கள்: கேபிள் தொங்குகிறது, கேபிள் கட்டியிருக்கிறது. புதன் காலை ரிவர்ஸ் இல்லை. வியாழன் மாலை இரண்டு படங்கள். வெள்ளி காலை ரிவர்ஸ் இல்லை. நேற்று, வெள்ளி மாலை இரண்டு படங்கள். இன்று காலை ரிவர்ஸ் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கட்டுகளை வெட்டிப் போட்டுவிட்டு வேலை செய்திருக்கிறார், அதனால் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் போன பிறகு நான் கட்டியிருக்கிறேன்.

அண்ணன் அதற்குள் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். நான் பேசாமலிருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நிமிடம் அப்படி நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

"சார், நில்லுங்க" என்றேன். குரல் கிறீச்சென்று வந்தது. குழிக்குள் இறங்கி ஆறு டையையும் நறுக்கினேன். கேபிள் பொத்தென்று தொங்கியது. "அண்ணே, இப்ப போடு."

டக். விசிறி பின்பக்கம் சுற்றியது.

கேபிள் முனை கொஞ்சம் ஆட வேண்டும். முன் கியருக்கு இழுக்கும்போது எப்படியோ சமாளித்துவிடும், ரிவர்ஸுக்குத் தள்ளும்போது ஆட இடமில்லாவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும். அது ஆடக் கூடாது என்றுதான் நான் வாரம் முழுக்க மெனக்கெட்டு இறுக்கியிருக்கிறேன்.

"மூணு தபாவும் கட்னது நான்தான் சார். இன்னிக்கி நாலாவது. அண்ணன் மேல தப்பே இல்ல." படங்களைக் காட்டினேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார். "கருமம். யோவ், நீ இரு" என்று சொல்லிவிட்டு, வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டதும் மோகன்ராஜை வரவேற்கப் போய்விட்டார்.

அண்ணன் டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நாலு நாளா சோறு எறங்கல மா எனுக்கு. எங்க ஊட்ல முத்தம்மா ஜெபக்கூட்டத்துல இந்த ரிவர்ஸுக்குன்னு சீட்டு எழுதிக் குடுத்து ஜெபம் பண்ணிக்கினு வந்தா."

பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை உருவினேன். தப்பு: கேபிளை இறுக்கிக் கட்டியது. பொறுப்பு: ஷைனி. எழுதி அவரிடம் நீட்டினேன்.

"எங்க கட்டட்டும் அண்ணே?"

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"எங்க வேணா கட்டு. கேபிள்ல மட்டும் கட்டாத."