நாணைத் தொட்டவள்

புது நாண் தொய்ந்துகொண்டே இருந்தது. காஞ்சொறி நாரில் திரித்த நாணை மூங்கில் வில்லில் பூட்டி, காலையிலிருந்து நிதுப் எய்து பழக்கிக்கொண்டிருந்தான். நார் இழுபட இழுபட நாண் இறங்கி அவன் மணிக்கட்டில் அறைந்தது. அம்புகள் இலக்குப் பலகைக்கு முன்னாலேயே புல்லில் குத்தின. கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்த எனக்கு அந்த அறை ஒவ்வொன்றும் காதுக்கு இதமாக இருந்தது.

நிதுப் என் புருஷன். மறுநாள் அக்கரை ஊரோடு வில் போட்டி. அது முடிந்ததும் அந்த ஊர்ப் பெண் பெம் சோவின் வீட்டுக்கே குடிபோகப் போவதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டான். போகட்டும், வீடும் மாடும் என்னுடையவை. ஆனால் அவள் பார்க்க ஜெயித்து, குறியில் பட்ட அம்புக்கு ஒன்றாகக் கட்டிவிடும் வண்ணத்துணிகள் இடுப்பில் தொங்க, தலை நிமிர்ந்து போகக் கூடாது. அது மட்டும் எனக்குப் பொறுக்காது.

மத்தியானம் அவன் சாப்பிட உள்ளே போனான். வில் சுவரில் சாய்ந்திருந்தது. போட்டி வில்லில் பெண் கை படக் கூடாது, பட்டால் தீட்டு, அம்பு குறி தப்பும் என்பார்கள். போட்டிக்கு முந்தின ராத்திரி ஆண்கள் பெண்டாட்டியை விட்டு ஒரே கொட்டகையில் படுப்பதும் அதற்குத்தான். நிதுப்புக்கு அந்த விரதம் ஒன்றும் கஷ்டமில்லை, என் பக்கத்தில் படுத்தே எத்தனையோ மாதம் ஆகிறது. தீட்டு தன் வேலையைச் செய்யும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. வில்லை முழங்காலில் வளைத்து, நாணின் கீழ்முனையைக் கழற்றி, நார் கிறீச்சிடும்வரை முறுக்கி மாட்டினேன், என் சட்டைக் கையிலிருந்து ஒரு நூல் முடிச்சில் சிக்கி அறுந்தது. எல்லார் முன்னாலும் அறுந்து அவன் மூஞ்சியில் அடிக்கட்டும்.

மறுநாள் நாண் அறுந்துபோகவில்லை. தொய்ந்துபோனதற்கு அந்த முறுக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது. முதல் அம்பே பலகையின் நடுவில் இறங்கியது. எங்கள் ஊர் ஆண்கள் வட்டமாக ஆடினார்கள். எதிர்க்கோடியில் இலக்கை ஒட்டி நின்ற இரண்டு ஊர் ஆட்களும், வழக்கம்போல, அம்பு வரும்போது அசையக்கூட இல்லை. அவர்களுக்குப் பக்கத்தில் அக்கரைப் பெண்கள், "கண்ண மூடிக்கிட்டு எய்யுங்க மாமா, அப்பவாச்சும் குறி தப்புதா பாப்போம்" என்று பாட்டாகவே கேலி செய்தார்கள். பெம் சோ மட்டும் பாடவில்லை. நிதுப்பின் முறை வரும்போதெல்லாம் இலக்கை இன்னும் நெருங்கி நின்றாள். அவன் இடுப்பில் துணி சேரச் சேர எனக்கு வயிறு எரிந்தது. நானே அவளுக்குச் சீர் செய்து அனுப்புகிறேனே.

இரு பக்கமும் சமமாக நிற்க, கடைசி அம்பு அவனுடையது. என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்.

"பழசு தொய்ஞ்சு போச்சு. புதுசுதான் நல்லா பாடுது."

"அது தானா பாடல," என்றேன். "நேத்து நீ சோறு திங்கிறப்ப நான்தான் கழட்டி முறுக்கினேன்."

"பொய் சொல்றா."

"கீழ்முடிச்சுல பாரு. என் சட்டைச் செவப்பு நூலு சிக்கியிருக்கும்."

குனிந்து பார்த்தான். நிமிர நேரமாயிற்று. எங்கள் ஊர்க்காரர்கள் என்னை முறைத்தார்கள். காலத்துக்கும் ஏசுவார்கள் என்று தெரியும். ஏசட்டும். அக்கரைக்காரன் ஒருவன் சந்தோஷமாக எதிர்க்கோடியைப் பார்த்துக் கத்தினான்.

"டேய், நாணைப் பொண்டாட்டி தொட்டுட்டாளாம். தள்ளி நில்லுங்கடா, எங்க வரும்னே தெரியாது."

நிதுப் வில்லைத் தூக்கினான். நாணில் வைத்த விரல்களை எடுத்து அங்கியில் துடைத்தான். மறுபடி வைத்தான், மறுபடி துடைத்தான். தூரத்தில் இலக்கை ஒட்டி நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பெம் சோ கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.