முழங்கால் தெரிய வேண்டும்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, 2012ஆம் ஆண்டு திறந்த மின்பொருள் கடையில், கையில் எதையும் பிடிக்காமல் ஆடும் விளையாட்டுப் பெட்டி ஒன்றைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியின் மேல் ஒரு கேமரா. எதிரே நிற்பவர் ஓடினால் திரையில் பொம்மை ஓடும், குதித்தால் குதிக்கும். நிற்பவர் எந்தத் தெரு, எத்தனை ஏக்கர் என்ற விசாரணை அதற்குக் கிடையாது. கைகால் தெரிந்தால் ஆள். தெரியாவிட்டால் ஆள் இல்லை.

மயிலம் கல்லூரியில் படிக்கும் சகாய பிரியா, கூலிவேலை செய்யும் தன் தந்தை சூசைமுத்துவை அங்கே இழுத்துவந்தாள். நிலக்காரர் விருத்தாசலத்தின் வண்டிச் சத்தம் கேட்டாலே, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுபவர் சூசைமுத்து. மகள் கெஞ்சினாள், சண்டையிட்டாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். சட்டம் வந்தது, வாக்குரிமை வந்தது, கைப்பேசியும் வந்தது. வேட்டி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரே ஒருமுறை அது இறங்காமல் நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

விழுப்புரம் கிளைக் கடையிலிருந்து, பெட்டியை ஆடிக்காட்ட வந்திருந்த ஊழியர் அஸ்வினி விளக்கினாள்.

"வேட்டிய மடிச்சிக் கட்டிக்குங்கண்ணா. துணி மறைச்சா இதுக்குக் கால் தெரியாது. தடை கிட்ட வர்றதுக்கு முன்னாடியே குதிங்க. நீங்க குதிச்சி கொஞ்சம் கழிச்சிதான் அது குதிக்கும்."

சூசைமுத்து மடித்துக் கட்டினார், ஓடினார், இலேசாக எம்பினார். பொம்மை ஆளுயரம் பறந்தது.

"ஒரு சாண் எம்பனேன், அது பனமரத்தையே தாண்டுது. பொய்க்காரப் பய மெஷினு."

"பேசிக்கினே ஓடுப்பா, நான் உன்ன முந்திட்டேன் பாரு!" என்றாள், பக்கத்தில் நின்று கூடவே ஆடிய பிரியா.

அப்போது குளிர்பதனப் பெட்டி வாங்க விருத்தாசலம் உள்ளே வந்தார்.

சூசைமுத்துவின் கை, அவரைக் கேளாமலே இடுப்புக்குப் போயிற்று. வேட்டி கணுக்கால்வரை இறங்கியது. திரையில் பொம்மையின் கால்கள் முறுக்கிக்கொண்டன. பிறகு பொம்மையே மறைந்தது. ஆள் இல்லை என்று பெட்டி அறிவித்தது. அந்த ஒரு விவரத்தில் அது பொய் சொல்லவில்லை.

"இன்னாடா சூசை, இங்க இன்னா கூத்து?"

"சும்மாங்க ஐயா."

நிலவரம் அறியாத அஸ்வினி, "அண்ணா, வேட்டிய மடிங்க. மெஷினுக்கு நீங்க தெரியல," என்றாள்.

"ஐயா நிக்கிறாரும்மா."

"அவருதான் ஆடலயே?"

சூசைமுத்து விருத்தாசலத்தைப் பார்த்தார். "ஐயா, மெஷினு கேக்குதுங்க," என்றார்.

"மெஷினு கேக்கலப்பா," என்றாள் பிரியா. "நான் கேக்கறேன்."

சூசைமுத்து குனிந்தார்; வேட்டியின் இரு முனைகளையும் எடுத்தார்; முழங்காலுக்கு மேலே தூக்கி முடிச்சிட்டார். பொம்மை மீண்டும் வந்தது.

விருத்தாசலம் ஓரடி முன்னே வந்தார்.

"சார், மறைக்கிறீங்க. நீங்களும் ஆடறதுன்னா வேட்டிய மடிச்சிக்கினு வாங்க. இல்லாட்டி தள்ளி நில்லுங்க," என்றாள் அஸ்வினி.

அவர் தள்ளி நின்றார்.

ஓட்டத்தில் பிரியாதான் வென்றாள். ஆட்டம் முடிந்து திரை அணைந்தது. இனிப் பெட்டிக்கு யாருடைய காலும் தேவையில்லை. சூசைமுத்துவின் கை மறுபடி இடுப்புக்குப் போயிற்று. பிரியா அந்தக் கையையே பார்த்தாள். அது முடிச்சைத் தடவிப் பார்த்தது, தளர்ந்திருந்ததால் இறுக்கியது.

"மல்லாட்டை மூட்டை ஏத்தணுங்க. வர்றேன்," என்று நிலக்கடலை வேலையைச் சொல்லி விருத்தாசலத்திடம் விடைபெற்று மகளோடு வெளியேறினார்.

விருத்தாசலம் குளிர்பதனப் பெட்டி வேறு நிறத்தில் இருக்கிறதா என்று விசாரித்தார்.